இரண்டு மஞ்சள் கட்டைகள்

நான்கு பத்துக்கு வெயில் செம்பாறைக்குப் பின்னால் போய்விட்டது. மார்வா கடிகாரத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்பு, கேரவன் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கியபோதே ஆர்லன் சொல்லியிருந்தான்: "நாலு பத்துக்கெல்லாம் அங்க நிழல் விழுந்துரும்." எங்காவது படித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அயோவாவிலிருந்து கிளம்பி ஐந்து நாள். யூட்டாவின் இந்தப் பள்ளத்தாக்கு கல்யாணமான வருடத்திலிருந்து அவர்களுடைய பேச்சில் இருந்தது. கேரவன் கதவின் உட்புறத்தில் அமெரிக்க மாநிலங்களின் வரைபடம். இருவரும் சேர்ந்து ஓர் இரவாவது தூங்கிய மாநிலத்துக்குத்தான் ஸ்டிக்கர். அவர்களே போட்டுக்கொண்ட சட்டம் அது. யூட்டா இன்னும் வெள்ளையாக இருந்தது. அதற்கான ஆரஞ்சு ஸ்டிக்கர் இரண்டு வருடமாக மார்வாவின் கைப்பையில் கிடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருப்பார்கள். அவள் அம்மா படுத்துவிட்டாள்.

"நீ இல்லாம அந்தப் பள்ளத்தாக்க நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்," என்றான் ஆர்லன் அப்போது.

அந்த அக்டோபரில், கான்சாஸில் தன் தம்பி டெல்மரின் வீட்டுக் கூரையை மாற்ற உதவி வேண்டுமென்று கேரவனை எடுத்துக்கொண்டு போனான். பத்து நாள். அவள் அம்மாவுக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது மண்பாதை முடிந்தது. வேறு வண்டி எதுவும் இல்லை. மார்வா இறங்கிப் பின்னால் போய் நின்றாள். ஆர்லனுக்கு வண்டியை முன்னால் ஓட்டத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை அவள் இல்லாமல் ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கத்து ஏணியை நசுக்கி, எதிர்வீட்டுத் தபால் பெட்டியையும் சாய்த்தான். அன்றிலிருந்து அவள் கை காட்டாமல் அவன் ஓர் அடி பின்னால் நகர்த்தியதில்லை.

இடப்பக்கம் வரச் சொல்லிக் கை காட்டினாள். அவன் வலப்பக்கம் ஒடித்தான்.

"நான் என்ன காக்கா விரட்டிட்டா இருக்கேன்?"

"அந்தப் புதருக்குள்ள பாறை இருக்கு மார்வா. இடிச்சிரும்."

அவள் புதரை விலக்கிப் பார்த்தாள். பாறை இருந்தது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவது அவர்களுக்கு எப்போதும் அரைமணி நேரச் சண்டை. சமையல் மேடையில் ரசமட்டத்தை வைத்து அவள் சொல்லச் சொல்ல, அவன் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பான், எடுப்பான், திட்டுவான். இன்று அவன் இறங்கினான். பையிலிருந்து இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை எடுத்தான். இடது பின்சக்கரத்துக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். ஏறி, வண்டியை அவற்றின் மேல் ஏற்றி, எஞ்சினை அணைத்தான்.

"காபி போடுறியா?"

மார்வா உள்ளே போய் ரசமட்டத்தை மேடையில் வைத்தாள். குமிழி நடுக்கோட்டில் நின்றது. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"டெல்மர் வீட்டுக் கூரைக்கு எத்தன நாள் ஆச்சு?"

நாற்காலியைப் பிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"எந்தக் கூரை?"

"எத்தன நாள், ஆர்லன்?"

"மூணு." நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சொல்லணும்னுதான் இருந்தேன். நீ அங்க அம்மாவோட மல்லாடிட்டு இருந்த. எப்படிச் சொல்றது. வண்டி கைல இருந்துது, இங்க வந்துட்டேன். தனியாத்தான். ஒரு மனுஷன் கொஞ்ச நாள் தனியா இருக்கக்கூடாதா?"

அவள் கைப்பையைத் திறந்து ஆரஞ்சு ஸ்டிக்கரை எடுத்தாள். ஓரங்கள் மடங்கியிருந்தன. முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக நீவினாள்.

"தனியா உன்னால ரிவர்ஸ் எடுக்க முடியாது, ஆர்லன். பின்னால நின்னு கை காட்டினது யாரு?"