சேவியர் எழுதிய சட்டம்

விடிந்தும் விடியாத நேரத்தில் முதல் குடத்தைத் தோளில் சுமந்து வந்த சேவியர், பேச்சி வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டான். வாசலோரத்து நீல டிரம் விளிம்புவரை நிறைந்திருந்தது. சேலையெல்லாம் நனைந்து, கதவருகில் பேச்சியே நின்றிருந்தாள்.

"இனிமே தண்ணி வேண்டாம்ணே. அடுத்த தெருக் குழாயில நானே புடிச்சு நெறச்சுட்டேன்," என்றாள்.

சேவியர் தோளிலிருந்த குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், மட்டாஞ்சேரியில் ஒரு இஞ்சி கிட்டங்கிச் சந்தில், கொட்டுகிற மழையில், சேவியர் தன் சரக்குப் பெட்டி ஆட்டோவைப் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பேச்சியின் புருஷன் பிச்சை, வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட உயிர் தாங்கவில்லை. கேஸ் இழுத்தடித்து, கோர்ட் ஆறு மாசம் கொடுத்தது. ஆறு மாசமெல்லாம் எந்த மூலைக்கு என்று, வெளியே வந்த சேவியர் தனக்குத் தானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டான். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற அந்த ஒரு மணி நேரத்தில், தினமும் பேச்சி வீட்டுக்கு நாலு குடம். வாசல்படி தாண்டக் கூடாது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. சுள்ளிக்கல் ஜெபக்கூடத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தரின் நினைவாக அப்பம் பிட்டுக் கொடுக்கும்போது அதை வாங்கக் கூடாது.

ஏழு வருஷம். காய்ச்சலிலும் வந்தான். மகள் கல்யாணத்தன்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவ்வளவு கறார். கர்த்தரே இறங்கி வந்து ஒரு நாள் லீவு எடுத்துக்கோ என்றாலும் கேட்டிருக்க மாட்டான். ஆனால் மனப்பாரம் மட்டும் இம்மியும் குறையவில்லை. நாலாவது குடத்தைக் கவிழ்க்கும்போதே நாளைய முதல் குடம் கனக்கத் தொடங்கிவிடும்.

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா பேச்சி?"

"தப்பு என்னுதுண்ணே. தெனமும் நீங்க மூச்சு வாங்குறது உள்ள கேக்கும். கேட்டுக்கிட்டே படுத்துக் கெடப்பேன். சொமக்கட்டும், நல்லாச் சொமக்கட்டும்னு இருக்கும். ஜெபத்துல மன்னிச்சேன் மன்னிச்சேன்னு சொல்லுவேன். ஆனா அந்த மூச்சக் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியும்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மாசம் ஜெபக்கூடத்துக்கு அப்பம் சுடுறது என் மொறை. நேத்து சாயங்காலம் பெசைய உக்காந்தா, மாவுல கை வைக்க முடியல. எல்லாத்தையும் கர்த்தரு சிலுவையில சொமந்து முடிச்சாச்சு. அதுக்கு மேல உங்க தோள்ல நான் என்னத்த ஏத்தி வச்சிருக்கேன்?"

"அப்ப... நான் செஞ்சதுக்கு?"

"அதுக்குஞ் சேத்துத்தான் சொமந்தாரு. எனக்குஞ் சேத்துத்தான்."

இதையே பாஸ்டர் நூறு ஞாயிறு சொல்லியிருக்கிறார். அது சின்னப் பாவக்காரர்களுக்கான பேச்சு என்று சேவியர் பெருந்தன்மையாக ஒதுக்கி வைத்திருந்தான். இன்று அது வந்த வாய் வேறு. முதலில் அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. குடத்தையும் பிடுங்கிவிட்டால் அவனிடம் வேறு என்ன இருக்கிறது? பிறகு, பயத்துக்கு அடியிலிருந்து, இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு பெரிய ஆச்சரியம் எழுந்தது. இது உண்மையாக இருக்குமா? இவ்வளவு பெரிய காரியம், இந்தச் சின்ன வாசலில், தனக்கா?

பேச்சி அவன் தோளிலிருந்து குடத்தை இறக்கி வைத்தாள். "உள்ள வாங்கண்ணே. சாயா போட்டிருக்கேன்."

படியைத் தாண்ட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ. பிச்சையின் முகத்தை அவன் மழையில், அந்த ஒரு கோலத்தில் மட்டும்தான் அறிவான். பத்து வருஷமாகக் கண்ணை மூடினால் அதுதான். இந்தப் பிச்சை இளவட்டம். தொளதொளவென்று இரவல் கோட்டு. போட்டோக்காரர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அடக்க முடியாமல் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். பக்கத்தில் பேச்சி வெட்கத்தில் தலை குனிந்திருக்கிறாள்.

"அவரு எப்பவும் அப்படித்தான். சிரிச்சா நிறுத்த மாட்டாரு," என்று பேச்சி கிளாஸை நீட்டினாள்.

சேவியர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். சாயா தளும்பி விரலில் வழிந்தது. சுட்டதைக்கூட உணராமல், அந்தச் சிரிப்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.