தம்பி காட்டிய ஊர்

அம்மா செத்துப் போனதைத் தம்பியிடம் சொல்லத்தான் அக்கா அந்த ஊருக்கு வந்தாள். அதற்கும் ஒரு சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினவன் நம்பரையும் மாற்றிவிட்டான். பழைய கோட்டை நகரத்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறான் என்று யாரோ சொல்லித்தான் தெரியும்.

கோட்டை வாசலில் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். இளைத்திருந்தான். சுற்றிலும் ஒரு கும்பல். சீட்டுக் கொடுக்கும் பெண் அக்காவின் காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டாள்.

"அவர் மைக்ல பேசுறது இதுல கேக்கும்மா. பின்தங்கினாலும் கவலையில்ல."

"நான் பேசினா அவருக்குக் கேக்குமா?"

"கேக்காது. கேட்டா மனுஷன் வேலை பார்க்க முடியுமா?"

தம்பி அவளைப் பார்த்துவிட்டான். கொடி ஒரு கணம் தாழ்ந்தது. சட்டென்று திரும்பி நடையைக் கட்டினான். அவள் "டேய்" என்பதற்குள் கும்பல் நடுவே புகுந்துவிட்டது.

தேய்ந்து வழுக்கும் கல் பாவிய சந்துகள். எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் போய்விடலாம் என்று பார்த்தாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவள் ஒரு முனைக்கு வரும்போது கொடி அடுத்த முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் பக்கத்தில் படுத்துக் கதை சொல்வதுபோல் காதுக்குள்ளேயே இருந்தது.

"இந்த ஜன்னலைப் பாருங்க. இதுக்குப் பின்னால உட்கார்ந்து ஊர்க்காரங்களை வேவு பார்ப்பாங்களாம். இப்பவும் அப்படித்தான். சில பேர் ஊரைப் பார்க்க வருவாங்க, சில பேர் ஆளைப் பிடிச்சுட்டுப் போக வருவாங்க. வந்துட்டுப் போகட்டும், நமக்கென்ன!"

கும்பல் சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

மணிக்கூண்டு வந்தது.

"இந்த மணி அடிச்சா ஆத்துக்கு அக்கரையில கேக்குமாம். எங்கம்மா கத்தினா அதையும் தாண்டும்! வேலைவெட்டி இல்லாத ஊர்சுத்தின்னு திட்டுவா. பாருங்க, அதையே வேலையாக்கிட்டேன். அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை நான்!"

பக்கத்திலிருந்த பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பெத்தவ கொடுத்து வச்சவம்மா" என்று அக்காவிடமே சொன்னார். அவள் கருவியைப் பிடுங்கி எடுத்தாள். எடுத்தால் எந்தச் சந்தில் போனான் என்று தெரியவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கத்திச் சொல்லிவிடலாம்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நடுவே வைத்தா அவனை அழவிடுவது? வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

மதில் மேல் ஏறியதும் சுற்று முடிந்தது. கும்பல் படம் எடுக்கக் கலைந்தது. தம்பி மைக்கைக் கழற்றினான். முகம் கொடுக்காமலே கேட்டான்.

"கிழவி அனுப்பிச்சாளா?"

"இல்லடா."

"வர மாட்டேன்னு சொல்லு. அவளே நேர்ல வந்து கூப்பிடட்டும், யோசிக்கிறேன்."

"தம்பி, அம்மா போயிட்டாடா."

இதற்கும் ஏதோ ஒரு நக்கல் அவன் உதடுவரை வந்து நின்றுவிட்டது.

"எப்போ?"

"போன மாசம்."

மதிலைப் பிடித்துக்கொண்டான். "தினமும் அவளைச் சொல்லிச் சிரிக்க வச்சிட்டிருந்தேனே, அக்கா…"

அவள் அவன் முதுகில் கை வைத்தாள்.

"என்னைக் கேட்டாளா?"

இதற்கென்று ரயிலிலேயே ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை.

"கடைசியில நினைவே இல்லடா. யாரையும் கேக்கல."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கீழே அடுத்த கும்பல் வந்து நின்று கையாட்டியது. எழுந்து மைக்கைச் சட்டையில் குத்தப் பார்த்தான். முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"நீ இரு" என்று அக்கா படியிறங்கினாள்.

"இன்னிக்கு இல்லீங்க. எங்க வீட்டுல துக்கம்."

எல்லோரும் கலையத் தொடங்கினார்கள். கைக்குழந்தைக்காரர் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க… சாயங்காலம் எங்களுக்கு ரயில். அரண்மனைக்கு எப்படிப் போகணும்னாவது சொல்றீங்களா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். தம்பி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாதுங்க. நானே காலையிலதான் வந்தேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி படியேறினாள்.