வெளிச்சத்தில் பிடித்த தாள்

இத்தாலியில், போலோன்யா நகரில் இருபத்திரண்டு வருஷம் பாஸ்தா மாவு விரித்த கை இது. கடையை மூடியதும் ஊருக்கு வெளியே புகையிலைத் தாள் ஆலையில் சேர்ந்தேன். எரிக்காமல் சூடாக்கி இழுக்கும் குச்சிகளுக்குள் வைக்கிறார்களே, அந்தத் தாள். புகையிலையை மாவாக அரைத்து, தண்ணீர், கிளிசரின், கொத்தவரைப் பிசின் எல்லாம் சேர்த்துக் கூழாக்கி, ஓடும் எஃகுப் பட்டையில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்து உரிப்போம். எனக்கு ஆறு மாத ஒப்பந்தம். வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்பது வியாழக்கிழமை தெரியும். அன்று செவ்வாய்.

காலையில் காபி குடித்துவிட்டு வந்தவள், பழக்கதோஷத்தில் தாளின் ஓரத்தில் ஒரு முழம் கிழித்து ஜன்னலில் பிடித்தேன். எங்கள் ஊரில் விரித்த மாவை அப்படித்தான் தூக்கிப் பார்ப்போம். குன்றின் மேலிருக்கும் சான் லூக்கா மாதா கோயில் அதன் வழியாக மங்கலாகத் தெரிந்தால்தான் பதம். புகையிலைத் தாளில் கோயிலா தெரியும்? பொட்டுப் பொட்டாகக் கட்டிகள் தெரிந்தன.

கட்டி எப்படி வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பிசின் தூளை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டுதான் தண்ணீரில் விடவேண்டும். நானோ காலையில் ஏதோ நினைப்பில், மாவில் குழி பறித்து முட்டை உடைத்து ஊற்றுவது போல, தூளைக் குவித்து நடுவில் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

அளவுக் கருவியின் திரையில் எல்லாம் பச்சை. கருவி தடிமனைத்தான் அளக்கும், கட்டியைப் பார்க்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாழக்கிழமை நிரந்தரக் கடிதம் தானாக வந்துவிடும். ஆனால் கட்டி விழுந்த மாவை விற்றுப் பழக்கமில்லாத கை. பட்டையை நிறுத்தினேன்.

பொறியாளன் லோரிஸ் ஓடிவந்தான். என் மகன் வயசு.

"என்னங்க நெரினா, யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? எல்லாம் பச்சையாத்தானே இருக்கு!"

"உன் பச்சையைக் கொண்டுபோய் சாலட்ல போடு. இதைப் பிடிச்சுப் பாரு."

பார்த்தான். முகம் சுருங்கியது. "கூழ் கலக்கினது யாரு?"

"நான்தான்."

"கண்டுபிடிச்சதும் நீங்களா?"

"பின்னே, உன் பச்சை விளக்கா?"

கணினியில் அறிக்கை எழுத உட்கார்ந்தான். தவறு செய்தவர், கண்டுபிடித்தவர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் என் பெயரை அடித்தான். ஒரே பெயர் இரண்டிலும் வரக்கூடாது என்று கணினி சிவப்பில் சொன்னது.

"ஏதாவது ஒண்ணுல எடுத்தாகணும்" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. கண்டுபிடித்த பெருமை அவனுக்கு, கெடுத்த பழி எனக்கு. "எடுப்பா, எடு. படிச்சவனாச்சே" என்று சொல்லிவிட்டுத் தொட்டி கழுவப் போனேன். கழுவிக்கொண்டே அவனையும் திட்டினேன், அவன் அம்மாவையும் திட்டினேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடக் கூப்பிட்டான். படித்தேன். கண்டுபிடித்தவர்: நெரினா. தவறு செய்தவர்: லோரிஸ்.

"என்னடா இது?"

"கலவையைப் பக்கத்துல நின்னு பார்த்தேன்னு காலையில சீட்டுல கையெழுத்துப் போட்டது நான். ஆனா நின்னது காபி மெஷின் பக்கத்துல" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை நிரந்தரக் கடிதம் எனக்கு வந்தது, எச்சரிக்கைக் கடிதம் அவனுக்கு. அவனைத் திட்டியது இருக்கட்டும், அவன் அம்மாவைத் திட்டியதை மட்டும் அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொண்டேன்.