பிரிஜெட் இரண்டு முறை சொன்ன சாட்சி

இந்த நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சாட்சியம் தட்டச்சு செய்கிறேன். சாட்சி தமிழில் பேசினால் நீதிபதி அதைக் கன்னடத்தில் சொல்வார், நான் கணினியில் அடிப்பேன். ஒவ்வொரு சாட்சிக்கும் புது ஃபைல் திறக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. முந்தின சாட்சியின் ஃபைலைத் திறந்து, தலைப்பை மட்டும் விட்டுவிட்டு, மீதியை அழித்து அதன் மேலேயே அடிப்போம். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

அன்று சாட்சிக் கூண்டில் பிரிஜெட். பிரேசர் டவுன் சிக்னலில் கம்பெனி கேப் மோதி அவளுடைய கணவர் டிரேவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கேப் ஓட்டிய கவின் பின்னால் கைகட்டி நின்றான். தண்டனை என்றால் அவனுக்கு ஜெயில். சிக்னல் கேமரா அன்றைக்கென்று பழுது. நேரில் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

கவினின் வக்கீல் ஸ்ரீகண்டன் குறுக்கு விசாரணையில் கேட்டார்: "ரோடு தாண்டறவங்களுக்கு அப்ப என்ன லைட்டும்மா?"

"செவப்புதான் சார்."

அப்படியானால் கேப்புக்குப் பச்சை. கவினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். ஒரு கத்து கத்திவிட்டு அதுவும் படுத்தது. நான் நடுவில் ஒரு தடவைகூடச் சேமிக்கவில்லை. கரண்ட் வந்து ஃபைலைத் திறந்தால், போன வாரம் சாட்சி சொன்ன டாக்டர் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார். பிரிஜெட் சொன்னதில் ஒரு வரி இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கையெழுத்தாகாதது சாட்சியமில்லை. என் ஞாபகமும் சாட்சியமாகாது," என்றார் நீதிபதி. "மதியம் முதலிலிருந்து எடுப்போம்."

மன்னிப்புக் கேட்கலாமென்று வராந்தாவுக்குப் போனேன். பிரிஜெட்டின் கொழுந்தன் லாயிட் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ஆண்டவரே அழிச்சுட்டாரு. லைட்ட கவனிக்கலன்னு சொல்லிடுங்க, போதும். அண்ணன கொன்னவன் தப்பிக்கணுமா?"

மன்னிப்புக் கேட்காமலே திரும்பிவிட்டேன். என் சோம்பேறித்தனம் கவின் தலையில் விடியப்போகிறது.

மதியம் ஸ்ரீகண்டன் மறுபடி அதே கேள்விக்கு வந்தார். பிரிஜெட் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"செவப்புதான் சார். காலைல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். நான் முன்னாடியே தாண்டிட்டேன். அவரு பச்சை விழட்டும்னு நின்னாரு. சர்ச்சுல பூசைக்கு நேரமாச்சு, வாங்கன்னு நான்தான் கையசைச்சுக் கூப்பிட்டேன். அப்பறம்தான் எறங்கினாரு."

லாயிட் தலை குனிந்துகொண்டான். கன்னடத்தில் சொல்ல வாயெடுத்த நீதிபதி, முதலில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். எத்தனையோ சத்தியம் கேட்டுப் புளித்த காது இது. யாரும் கேட்காத உண்மையைத் தானே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்ட ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள்தான். இருந்தாலும் காலில் விழத் தோன்றியது.

அச்செடுத்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். பேனாவைத் திருப்பித் தரும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏறிடுச்சாக்கா? இன்னொரு வாட்டி சொல்ல எனக்குத் தெம்பில்ல."