தாய்மாமன் மடி சிவப்பில் இருக்கிறது

எங்கள் வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோவின் நடைகூடம்தான் டைம்லைன். படம் பிடித்து வந்த விசேஷங்களை அதில்தான் வரிசையாக நிறுத்துவோம். மேலே சுவரில் ஒரு கோடு ஓடும். கம்ப்யூட்டர் தயார் செய்து முடித்தவர்களின் தலைக்கு மேல் கோடு பச்சை. அவர்கள் மனிதர்களைப் போல நடப்பார்கள். மற்றவர்களுக்குச் சிவப்பு. அவர்கள் விட்டுவிட்டுத்தான் அசைவார்கள்.

சிவப்பில் இருப்பவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. "ஓடிட்டிருக்கு. வெயிட் பண்ணுங்க" என்பேன். அதற்கு மேல் சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது.

அன்று நின்றது உசிலம்பட்டிப் பக்கத்துக் காதுகுத்து. குழந்தை தன்ஷிகாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். அவள் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே தாய்மாமன் காசிமாயனின் மடி இருக்க வேண்டும். மீசை வந்திருந்தது. சட்டை வந்திருந்தது. மடி வரவில்லை. மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஊர் சாப்பிடாமல் நின்றது.

காசிமாயனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லாரி நிறையச் சீர் கொண்டுவந்தவர். கொண்டுவந்ததை எல்லோருக்கும் சொன்னவர். வாசலில் பேனரும் கட்டியிருந்தார். அதில் அவர் முகம் தண்ணீர்த் தொட்டி அளவு இருந்தது. குழந்தையின் முகம் அவர் சட்டைப் பையில், பேனா குத்தும் இடத்தில் இருந்தது.

"எடிட்டர் தம்பி, எப்பப்பா நான் பச்சையாவேன்?" என்றார். 'எடிட்டர் தம்பி' காலையில் வந்தது. மீதி மத்தியானம் வந்தது.

"ஓடிட்டிருக்கு. வெயிட் பண்ணுங்க."

குழந்தையின் அம்மா வனராணி கையை நீட்டினாள். "பிள்ளைக்குக் கால் மரத்துப்போச்சுண்ணே. எறக்கிக்கிறட்டா?"

"தொடாதீங்க. தொட்டா முதல்ல இருந்து ஓடும்."

"முதல்லன்னா?"

"நீங்க மாசமா இருந்ததுல இருந்து."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மடியை நேரில் பார்க்கலாம் என்று நடந்தேன். நடைகூடம் நீண்டது. யாரோ டைம்லைனை ஜூம் பண்ணிப் பெரிதாக்கிவிட்டிருந்தார்கள். ஆசாரி ஒரு தடவை கண் இமைப்பதே ஒரு தெரு நீளம் இருந்தது. தெருமுனையில் டீக்கடைகூட இருந்தது. டீ சுமார். திரும்பி வந்து உதவி மையத்துக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"கம்ப்யூட்டரையா? பண்ணிட்டேன்."

"மாமாவை."

செய்தேன். காசிமாயன் அணைந்தார். திரும்ப வரும்போது முதலில் மோதிரம் வந்தது. பிறகு வாட்ச், செல்போன். கடைசியாக ஆள். மடி வரவில்லை.

"தரத்தைப் பாதியாக் குறைங்க."

"ஏற்கெனவே அவ்வளவுதான் இருக்கு."

"என்ன செலக்ட் பண்ணியிருக்கீங்க?"

"ஒன்னும் பண்ணல."

"அப்படின்னா எல்லாரும் பச்சையாகியிருப்பாங்க. யாரோ ஒருத்தர் செலக்ட் ஆகியிருக்காங்க. மெஷின் அவரை மட்டும்தான் தயார் பண்ணும்." வைத்துவிட்டாள்.

தேடினேன். காசிமாயனாகத்தான் இருக்கும், வேறு யாருக்கு அந்தத் திமிர் வரும் என்று நினைத்தேன். அவர் இல்லை. எல்லாருக்கும் மேல் வரிசையில், சுழல் நாற்காலியில் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேல் கோடு இலைப் பச்சை.

நான்தான். காலையிலிருந்து மெஷின் என்னை மட்டும் தயார் செய்துகொண்டிருந்தது. இமை முடிகள் முடிந்திருந்தன. காலரில் டீக்கறை முடிந்திருந்தது. உதட்டோரத்து இளக்காரம் மிகத் தெளிவாக வந்திருந்தது.

வனராணியும் பார்த்தாள். "எங்க விசேஷத்துல இவரு யாரு?" என்றாள்.

குழந்தையின் வாய் அழுகைக்குக் கோணியது. கண்ணீர் வரவில்லை, அதுவும் சிவப்பில் இருந்தது. பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். எரிச்சலாக இருந்தது. இந்தக் கூட்டத்தை இனி ஒரு நிமிடமும் பார்க்க முடியாது என்றுதான் என்மேல் இருந்த செலக்‌ஷனை எடுத்தேன்.

என் தலைக்கு மேலிருந்த பச்சை அவர்கள் பக்கம் ஓடியது. மடி வந்தது. பெரிய மடி, பட்டுக்கரை வேட்டி. குழந்தை அதில் விழுந்தாள். ஊசி இறங்கியது. அவள் ஒரு வெட்டும் இல்லாமல் வீறிட்டு அழுதாள். காசிமாயனும் அழுதார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வலிக்குதாடா தங்கம்? மாமன் இருக்கேன்டா. மாமன் மடிலதான்டா இருக்க." பேனர் இருக்கும் திசையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

பிறகு எல்லோரும் பந்திக்குப் போனார்கள். கறிக்குழம்பு மணத்தது. காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எழுந்தேன். பாதிதான் எழ முடிந்தது.

"அண்ணே, எனக்கும் ஒரு" என்றேன்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த காசிமாயன் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேல் பார்த்தார்.

"ஓடிட்டிருக்குப்பா. வெயிட் பண்ணு."

பந்தி முடிந்து எச்சில் இலைகளையும் எடுத்துவிட்டார்கள். நான் கேட்டதன் மீதி, 'இலை', இப்போதுதான் வாயில் வந்திருக்கிறது.