அக்கம்பக்கத்து விசாரணை

அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று கேள்விப்பட்டதும் சுசித்ராவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அரசாங்கம் கேட்கிற தகுதி அவளிடம் இருந்தது. அதைத்தான் ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தாள்.

புருஷன் மாதப்பன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். ஊரில் யாராவது கேட்டால், "ராத்திரி வந்துட்டு விடியறதுக்குள்ள கெளம்பிட்டாருங்க" என்பாள். பொங்கலுக்குத் தானே ஒரு சேலை வாங்கி, அவன் எடுத்துத் தந்தது என்று கட்டிக்கொள்வாள். வாழாவெட்டி என்ற பேருக்கு அவ்வளவு பயம். பாவம், பொய்க்குக்கூட அவள்தான் செலவழிக்க வேண்டியிருந்தது.

தொப்பூர் நெடுஞ்சாலை ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு அவள் வீடு திரும்புவதற்குள் மகள் காவியா தூங்கிப்போயிருப்பாள். அங்கன்வாடி வேலை கிடைத்தால் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருவேளையாவது சாப்பிடலாம். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு, கைவிடப்பட்டவள் என்ற சான்றிதழுக்கு மனுப் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தபோது அவள் ஓட்டலில் இருந்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதுவது வழக்கம். அவரும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். மனு தள்ளுபடியானது. வேலை பானுமதி என்ற இன்னொரு பெண்ணுக்குப் போய்விட்டது.

காரணம் கேட்கத் தாலுகா ஆபீசுக்குப் போனாள். "உங்க வூட்டுக்காரரு வந்து போயிட்டுதான் இருக்காருன்னு பக்கத்து வூட்டு சாலம்மாளே சொல்லிட்டாங்களேம்மா" என்றார்கள்.

நேரே சாலம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

"ஆமா புள்ள, சொன்னேன். ஆபீசரு ஒருத்தரு வந்து, அந்தப் பொண்ண புருசன் உட்டுட்டுப் போயிட்டானான்னு கேக்கறாரு. எவளோ வயித்தெரிச்சல் புடிச்சவ எழுதிப் போட்டிருக்கான்னு எனக்கு ஆத்திரம். மாசம் தவறாம வராருங்க, என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் போவாருன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"எழுதிப் போட்டது நாந்தாங்கக்கா. வேலைக்காக."

சாலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப் பாவி, எங்கிட்டச் சொல்லக் கூடாதா? அவன் வர்றதில்லன்னு எனக்குத் தெரியாதா? நடுவுல ஒரே செவுருதான். ஒரு நாளாச்சும் ஆம்பளக் கொரல் கேட்டிருப்பனா? நீயே மறைக்கறப்ப நான் எப்படிக் கேக்கறது?"

சுசித்ராவுக்கு அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

"தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உங்ககிட்டயாச்சும் அழுதிருப்பனேக்கா" என்றாள்.