பி.பி. ஏலவார்குழலி

2003ஆம் ஆண்டு வைகாசியில், கருடசேவைக்கு மறுநாள் காலை ஒன்பதேகால் மணிக்கு, பிள்ளையார்பாளையம் சாயப்பட்டறை துரைக்கண்ணுவின் மகள் ஏலவார்குழலி, தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த முப்பத்தேழு பேரையும் எழுந்து வெளியே போகச் சொன்னாள். சொன்னதும் அவர்கள் எழுபத்து நான்கு பேர் ஆனார்கள். புதிதாக வந்தவர்கள் யாரும் கதவைத் தட்டவில்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். அவளுடைய அம்மா செல்லியம்மாள் உலையில் இன்னும் இரண்டு படி அரிசியைப் போட்டாள்.

வந்தவரைப் போகச் சொல்லும் வார்த்தை அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் வாயில் வரக்கூடாது என்று குழலிக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே சொல்லி வைத்திருந்தார்கள். கூரம் கிராமத்தில் பயிர் காய்ந்துபோய், ஒரு டிரங்குப் பெட்டியோடு துரைக்கண்ணு இந்தத் தெருவுக்கு வந்தபோது யாரும் அவரை எழுந்து போகச் சொல்லவில்லையாம். அந்த நன்றியை அவர் தன் செலவில் காட்டியிருந்தால் பரவாயில்லை. மகள் செலவில் காட்டினார். தெருவின் முதல் டெலிபோன் அவர் வீட்டுக்குத்தான் வந்தது. சுற்றியிருந்த நாற்பது வீட்டாரும் அந்த எண்ணைத் தங்கள் கல்யாணப் பத்திரிகையில் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் போன், ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். கூப்பிட ஓடியவள் குழலி. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் பதினாறு தடவை ஓடினாள்.

2000இல், அந்த வம்சத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய்க் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்தவள், பேருந்து நிலையத்துக்கு எதிரில் பூவராகவன் நடத்திய பிரவுசிங் சென்டரில் தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்தாள். அவள் பெயரில் மட்டும் உலகத்தில் இருந்த ஒரே பொருள் அது. துரைக்கண்ணு அதையும் பி.பி. ஆக்கினார். பாஸ்வேர்டை நாள்காட்டி அட்டையில் எழுதி மாட்டினார். தெருவில் எல்லோரும் முகவரியை எடுத்துக்கொண்டார்கள். நெசவாளர் சங்கத்து நோட்டீசில் வந்தது, காதுகுத்து அழைப்பில் வந்தது, கடைசியில் ஒரு பட்டுக்கடைக்காரர் தன் இணையப் பக்கத்தில், உலகத்தில் எவன் கண்ணிலும் படும்படி, கொட்டை எழுத்தில் போட்டார். அதற்கடுத்த வாரம் முதல் ஆள் வந்து சேர்ந்தார்.

வந்தவர், இறந்துபோன ஒரு வெளிநாட்டு மந்திரியின் விதவை. கையில் பூட்டிய பெட்டி. உள்ளே கோடிக்கணக்கில் பணம் இருப்பதாகவும் பூட்டைத் திறக்கப் பத்தாயிரம் ரூபாய்தான் தேவை என்றும் சொன்னார். பின்னால் தலைமுடி வளர மாத்திரை விற்பவர் வந்தார். யாரும் வாங்காத லாட்டரிச் சீட்டுக்கு விழுந்த பரிசோடு ஒருவர் வந்தார். சொன்னதைப் பதினோரு பேருக்குச் சொல்லாவிட்டால் வீட்டில் ரத்தவாந்தி என்று ஒரு பெண்மணி காலையும் மாலையும் ஒப்பித்தார். பூவராகவன் கடையில் கடிதத்தைத் திறந்த கையோடு சைக்கிளை மிதித்து வீடு வந்தால், எழுதியவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் வெயில் காலத்திலும் கோட்டு. எல்லோருக்கும் அவசரம். இன்றைக்குள், இந்த மணிக்குள் என்றே பேசினார்கள். சாப்பாடு மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார்கள்.

துரைக்கண்ணு ஐந்தாவது வரை படித்தவர். கடிதம் வந்தால் பதில் போட வேண்டும், போடாதவன் மனுஷனில்லை என்பது அவர் கட்சி. வாரம் இருமுறை பூவராகவனிடம் போய், தங்கள் கடிதம் கண்டேன், இங்கு யாவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல் என்று ஒவ்வொருவருக்கும் எழுதச் சொன்னார். பதில் போன இடத்திலிருந்து இருவராக வந்தார்கள். இந்த வீட்டில் ஆள் இருக்கிறது, வாயைத் திறக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள் என்பதைக் குழலி நாலு தடவை விளக்கினாள். படிச்ச திமிர் என்றது தெரு. எதிர்வீட்டு ரேணுகாம்பாள், வங்கியிலிருந்து வருவதாகச் சொன்ன கண்ணாடிக்காரரிடம் கணக்கு எண்ணையும் ரகசிய எண்ணையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். மறுநாள் கணக்கில் ஒன்றுமில்லை. கண்ணாடிக்காரர் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து, அக்கா வேறு வங்கியில் கணக்கு உண்டா என்று கேட்டார். அப்போதும் அந்தத் தெரு குழலியைத்தான் குறை சொன்னது. முகவரி அவளுடையதாம்.

அந்தக் கருடசேவைக்கு மறுநாள் அவள் வெடித்ததற்குக் காரணம் இவர்கள்கூட இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தேர்வு எழுதிவிட்டு, வேலைக் கடிதத்துக்காக அவள் இரண்டு மாதமாகக் காத்திருந்தாள். அன்று காலை காய் நறுக்கியபடி செல்லியம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்: போன வாரம் பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண் கையில் ஃபைலோடு வந்தாள், உள்ளே கால் வைக்க இடமில்லை, மூன்று நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

“ஏம்மா எனக்குச் சொல்லல?”

“அது எதுவும் கேக்கலமா. சும்மா நின்னுக்கினு இருந்திச்சி. காசு கேக்கல, நம்பர் கேக்கல. யாரோன்னு விட்டுட்டேன்.”

அதன் பிறகுதான் குழலி கூடத்துக்குப் போய் அந்த வார்த்தையைச் சொன்னாள். துரைக்கண்ணு பட்டறையிலிருந்து, முழங்கை வரை அரக்குச் சாயத்தோடு ஓடி வந்தார். வார்டு தேர்தலில் நிற்க நினைத்திருந்தவர். கூடம் நிறைய ஆள் இருப்பது அவருக்குக் கௌரவமாகத்தான் இருந்தது.

“வந்தவங்கள போன்னு சொல்றதாமா? நாளைக்கு நம்ம மூஞ்சில எவன் முழிப்பான்?”

“வந்தவங்களா? ஒருத்தர் பேரச் சொல்லுபா பாப்போம். ஒரே ஒருத்தர் பேரு.”

 துரைக்கண்ணு எழுபத்து நான்கு பேருக்கும் டீ சொன்னார்.

தொழிற்சாலைக்குப் போன் செய்தபோது, உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் இடமில்லை என்று கடிதம் திரும்பிவிட்டது, இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்புவோம் என்றார்கள். இரண்டு வாரம் அவகாசம். குழலி நாள்காட்டி அட்டையைக் கிழித்தாள், பாஸ்வேர்டை மாற்றினாள், கூடத்தில் யார் முகத்தையும் பார்க்காமல், யார் கேட்டதற்கும் பதில் பேசாமல் நடமாடினாள். அம்மாவையும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள். ஐந்தாம் நாள் அவர்கள் மெலிந்தார்கள். பதினோராம் நாள் மந்திரியின் விதவை தறிப் பாவு நூல் கனம்கூட இல்லாமல் போனார். செல்லியம்மாள் ஒன்பது பேரைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினாள். ஒன்றிரண்டு நாளில் கூடம் காலியாகியிருக்கும். துரைக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. வெளியூர் ஆட்கள் இப்படி இளைத்துப் போகிறார்களே என்று, பூவராகவனிடம் சொல்லித் தன் பெயரில் ஒரு முகவரி திறந்து, பழைய ஆட்கள் அனைவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். மகள் சின்னப்பிள்ளை, மனதில் வைக்க வேண்டாம் என்றும் ஒரு வரி. பொழுது சாய்வதற்குள் தொண்ணூற்றாறு பேர்.

குழலி அழவில்லை, கத்தவும் இல்லை. காலையில் பூவராகவன் கடைக்குப் போய், தன் பெயரோ ஊரோ தெருவோ இல்லாத புதிய முகவரி ஒன்று திறந்தாள். அதைத் தொழிற்சாலைக்கு மட்டும் கொடுத்தாள். பூவராகவனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பாஸ்வேர்டைத் தட்டினாள். மறுநாள் பதினொரு மணிக்குப் பருத்திப் புடவைக்காரப் பெண் அந்தக் கடைக்கே வந்தாள். ஃபைலிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை சேரணும் என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழலி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது துரைக்கண்ணு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அவருக்கு இடமில்லை. கம்பெனி ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குமா என்று விசாரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அந்தப் புது அட்ரஸு... அப்பனுக்கு மட்டும் குடுமா. யாருக்கும் தரமாட்டேன்.”

“தருவபா. யாராவது மரியாதையா கேட்டா தந்துடுவ. லெட்டர் போடு, போஸ்ட் கார்டுல. நான் பதில் போடறேன்.”

அவர் சண்டை போட வாயெடுத்து, பிறகு கால்களை ஒடுக்கி வழி விட்டார். அன்று நகராட்சித் தண்ணீர் வரும் நாள். தொண்ணூற்றாறு பேரில் பாதிப் பேர் செல்லியம்மாளுக்காகக் குடங்களோடு குழாயடி வரிசையில் நின்றார்கள். தெருக்காரர்கள் அவர்களை முன்னால் விடவுமில்லை, பின்னால் தள்ளவுமில்லை. கண்ணாடிக்காரர் ரேணுகாம்பாளுக்குக் குடம் தூக்கிவிட்டார். குழலி அவர்களுக்கு நடுவே புகுந்து நடந்து, தெருமுனையில் பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பினாள்.